மூடியில் அளந்த உப்பு

உப்பு போட்டேன். அதில் சந்தேகம் இல்லை, மூடி காலியாக இருக்கிறது. இருமல் மருந்துப் புட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடி, அதில் முதல் கோடு வரைக்கும் தூள் உப்பு, அதுதான் மத்தியானத்துக்கு, எனக்கும் அவருக்கும் சேர்த்து. காலையில் பல் துலக்கின கையோடு அளந்து அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒன்பது நாளாக அப்படித்தான். மூடி காலியானால் உப்பு போட்டாயிற்று, இனிமேல் கையை நீட்டக் கூடாது. எனக்கு நானே செய்துகொண்ட ஏற்பாடு. ஆகையால் நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது உப்பு போட்டேனா என்று யோசித்து இல்லை, இரண்டாம் தடவை போட்டேனா என்றுதான். புளிக்குழம்பு கொதி வந்து, கத்தரிக்காய் மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்த நேரத்தில் போன் அடித்தது. பிரமு மதினி, அவருடைய அக்காள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு "சொல்லுங்க மதினி" என்றேன். அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது, என் கை என்ன செய்தது என்பது மட்டும் ஞாபகம் இல்லை. கிண்டியது. பெருங்காய டப்பாவைத் திறந்தது. கறிவேப்பிலையை உருவியது. ஜாடிப் பக்கம் போயிற்றா. கல் உப்பு ஜாடியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆனால் காலையில் காலிஃப்ளவரைப் புழு போக உப்புத் தண்ணீரில் போட்டேனே, அதற்கு ஜாடியைத் திறந்தேன், அப்போதே சரியாக மூடாமல் விட்டிருக்கலாம். மேடையில் ஒரு உப்புக் கல் கிடக்கிறது. அதுவும் காலையில் சிந்தியதாக இருக்கலாம். விரலால் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. காய்ந்திருந்தால் என்ன, ஈரக்கையால் எடுத்தால்தானே ஈரமாக இருக்கும், நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருக்கிறவள். முப்பது வருஷம் அடுப்பு முன்னால் நின்றவளுக்கு ஒரு உப்புக் கல்லைப் பார்த்து அது எப்போது விழுந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

ஜாடியைத் தூக்கிப் பரணில் போடு என்று அபிராமி ஓசூரிலிருந்து போனில் சொன்னாள். "அது அங்க இருந்தா உன் கை போகும்மா." என் மகள்தான், ஆனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரிப் பேசுவாள், பேசினது சரியாகவும் இருந்து தொலைக்கும். வெள்ளிக்கிழமை வாங்கி நிரப்புகிற உப்பு ஜாடியை எடுத்துவிட்டால் வீடு வீடாகவா இருக்கும் என்று நான்தான் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். இப்போது ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும். ஊரில் எவளும் அதைத்தான் செய்வாள். இந்த வீட்டில் அது கிடையாது, சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது, சாமிக்கும் ஆம்பிளைக்கும் முந்தி நாக்கில் பட்டது எச்சில். அபிராமி வயிற்றில் ஆறு மாசமாக இருந்தபோது ஒரு நாள் சாம்பார் மணம் தாங்காமல் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிவிட்டேன். என் மாமியார் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. பழந்துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து, காலிச் சட்டியை என் முன்னால் வைத்து, "இன்னொரு தடவ வை" என்றாள். அன்றைக்கு அவர் டூட்டி முடிந்து பசியோடு வந்து ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டார். "ஒம் பொண்டாட்டி ஒனக்கு முந்திக்கிட்டாப்பா" என்றாள். அவர் சிரித்தார். மாமியார் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது, அவள் ஊற்றினதுகூட எனக்கு மறந்துவிட்டது என்று சொல்லலாம், அவர் சிரித்தது மறக்கவில்லை. அதற்கு அப்புறம் நாக்கை ஒதுக்கிவைத்துவிட்டேன். நுரை வருகிற விதம், மணம், கல் உப்பு விழுகிற சத்தம், கைக்குள் எத்தனை கல் என்கிற கனம், இவற்றை வைத்தே முப்பது வருஷம் ஓட்டினேன். கூடினது குறைந்தது கிடையாது. கூடினாலோ குறைந்தாலோ அவர் தட்டைத் தள்ளுவார், சரியாக இருந்தால் சத்தம் இருக்காது. முப்பது வருஷமும் சத்தம் இல்லாமல் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த நற்சான்று.

மதினி என்ன சொன்னாள். "ஏ உலகு, தம்பிக்கு ரத்தத்துல சோடியம் கம்மின்னு போட்டிருக்காமே. சோடியம்னா உப்புதான? எம் மருமவன் போன்ல பாத்துச் சொல்லுதான். உப்பில்லாமப் போட்டுப் போட்டு அவன நீ வத்த வச்சுட்டியே." நான் டாக்டர் சொன்னதைச் செய்கிறேன் என்றேன். "டாக்டரு ஆயிரம் சொல்லுவா. பெத்தவ இருந்தா இப்படி விடுவாளா? எனக்கு மனசு கேக்கல, நாளைக்கு வந்து நானே ஒரு குழம்பு வச்சுக் குடுக்கப்போறேன்." அந்த இடத்தில்தான் என் கை ஜாடிக்குப் போயிருக்க வேண்டும், போயிருந்தால். சோடியம் நூற்று இருபத்தெட்டு, குறைவு என்று சீட்டில் இருந்தது உண்மை. நானும் அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர் பெண்ணிடம் கேட்டேன், குறைவாக இருக்கிறது என்றால் கூட்டத்தானேம்மா வேண்டும், ஏன் இன்னும் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று. அபிராமியைவிடச் சின்னவளாக இருப்பாள், வேகமாகப் பேசுகிறவள், ஆனால் எனக்காக உட்கார்ந்து சொன்னாள். உப்பு குறையவில்லையாம், தண்ணீர் கூடிவிட்டதாம். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, இருதயத்தால் அதைத் தள்ள முடியவில்லை, அது நுரையீரலிலும் காலிலும் போய் நிற்கிறது, தண்ணீர் மிஞ்சிப்போனதால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தெரிகிறது என்றாள். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. குழம்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினால் சப்பென்று போகிறது, உப்பு எங்கே போயிற்று, எல்லாம் சட்டிக்குள்தான் இருக்கிறது, அந்த மாதிரியா என்றேன். "அதேதான்மா, கரெக்டா பிடிச்சிட்டீங்க" என்றாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவளை ஒரு டாக்டர் அப்படிச் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது, அதைப் போய் அவரிடம் சொன்னேன், எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். "நீயும் டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்ளா" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போதும் டிவிதான் ஓடுகிறது, முன்னறையில் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர், பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைக்குத் தட்டு விழ வேண்டும். இப்போது பன்னிரண்டு. "ஏட்டி, என்ன குழம்பு?" புளிக்குழம்பு என்கிறேன். "அதான, வாசம் வருதே. நாக்குல வச்சாத்தான் மத்த சங்கதி தெரியும். நேத்து வச்சியே ஒண்ணு, அதக் குழம்புன்னா குழம்பு கேஸு போடும்." சிரிக்கிறார், சிரித்ததில் இருமல் வருகிறது, அந்த இருமலைக் காது கூர்ந்து கேட்கிறேன், வறட்டு இருமலா, உள்ளே தண்ணீர் புரளுகிற இருமலா. வறட்டு இருமல்தான். வறட்டு இருமலாகத்தான் இருக்க வேண்டும். காலையில் எடை பார்த்தபோது அறுபத்தெட்டு புள்ளி நாலு, நேற்று அறுபத்தேழு புள்ளி ஆறு. இரண்டு நாளில் ஒரு கிலோ கூடினால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், யோசிக்கக் கூடாது என்று அந்த டாக்டர் பெண் சொல்லியிருக்கிறாள். எண்ணூறு கிராம் கூடிவிட்டது, இருநூறுதான் பாக்கி. ஒரு தட்டுச் சோறும் உப்புக் கூடின குழம்பும் அதன் பின்னால் குடிக்கிற தண்ணீரும் இருநூறைத் தாண்டும். அவரிடம் சொன்னால் மிஷின் பொய் சொல்லும் என்பார். முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிறது, பிசைந்த மாவில் விழுகிற மாதிரி, விழுந்த பள்ளம் எழும்ப நேரம் எடுக்கிறது, அதுவும் பொய்யா. மதினி மகளுடைய மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு போட்டார்களே, அதற்குப் பிறகு மூன்றாம் நாள்தான் இவருக்கு நாலு படி ஏற முடியவில்லை, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். அன்றைக்குப் பந்தியில் அப்பளம் மூன்று, வடகம், இஞ்சித் துவையல் இரண்டு தடவை, ஊறுகாயை வழித்து நக்கினார். நான் பின்னால் நின்று போதுங்க என்றேன். "கல்யாண வீட்டுல வந்து அவன் எலையில கண்ணு வைக்காத உலகு" என்று மதினி எல்லாரும் கேட்கச் சொன்னாள். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் தண்ணீர் என்று சொன்னபோது யாரும் அந்த அப்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பளம், வடகம், மோர் மிளகாய், மிக்சர், ரொட்டி, இனிக்கிற பிஸ்கட்டில்கூடச் சோடியம் இருக்கிறதாம், எழுதிக் கொடுத்த தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதைப் படிக்க வேண்டியவர் அடுப்படிக்குள் வந்தது கிடையாது. போன வாரம் அவர் தலையணை உறையைத் துவைக்க எடுத்தேன், உள்ளிருந்து காராச்சேவுப் பொட்டலம் விழுந்தது. அறுபது வயது ஆம்பிளை. கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றேன். "எலிக்கு வச்சது" என்றார்.

பன்னிரண்டு பத்து. அடுப்பை அணைத்துவிட்டேன், குழம்பு அடங்கி மேலே எண்ணெய் மிதக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பார்த்தால் உப்புத் தெரிவதில்லை. நுரை எப்படி வந்தது என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, மதினியின் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை போயிருந்தால் பழைய கணக்குக்குத்தான் போயிருக்கும், ஒரு பிடி, முப்பது வருஷத்துப் பிடி. ஒன்பது நாளாக வேளைக்கு வேளை தட்டில் விழுகிற வசவுக்குப் பதில் சொல்லத்தான் போயிருக்கும். அப்படித்தானா. வேறு எதற்காவது போயிருக்குமோ என்று நினைக்கிறேன், நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைக்கிறேன். மனசு போன் பேசிக்கொண்டிருக்கும்போது கை தானாகப் போயிற்று என்றால் கைக்கு ஒரு மனசு இருக்கிறது என்றுதானே அர்த்தம். அந்த மனசு என்ன நினைத்தது. இந்தா, கேட்டாயே, தின்னு, என்று நினைத்ததா. தின்றுவிட்டுப் படு என்று நினைத்ததா. என் கை எனக்கே பயமாக இருக்கிறது, மேடையில் இரண்டையும் விரித்து வைத்துப் பார்க்கிறேன், நகக் கண்ணில் மஞ்சள், மிளகாய் அரிந்த எரிச்சல், வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவருக்கு மூச்சுக்குக் குழாய் வைத்திருந்த மூன்று நாளும் நான் கும்பிடாத சாமி இல்லை. அதுவும் நான்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து, வீட்டில் நான் மட்டும் இருந்தால் மத்தியானத்துக்கு என்ன செய்வேன், ஒன்றும் செய்ய மாட்டேன், மோர் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன் என்று நினைத்ததும் நான்தான். நினைத்தது ஒரு நிமிஷம் இருக்காது. அந்த ஒரு நிமிஷத்தைக் கை எங்கேயாவது எடுத்து வைத்துக்கொண்டதோ. ரத்த அழுத்தம் பார்க்கத் தெருவுக்கு வருகிற நர்ஸம்மா போன மாசம் அவருக்குப் பார்த்துவிட்டு, நீங்களும் கையை நீட்டுங்கக்கா என்றாள், நூற்று எழுபது இருந்தது. நீங்களும் உப்பைக் குறைக்கணும், மாத்திரை எடுக்கணும், ஒரு தடவை வந்து காட்டுங்க என்றாள். "அவளுக்கு என்ன, கல்லு கணக்கா இருக்கா" என்றார் இவர். நானும் ஆமாம் என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டேன். என் உப்பை யார் மூடியில் அளந்து வைக்கப்போகிறார்கள்.

கொட்டிவிட்டு வேறு வைக்கலாம். புளி ஊற வேண்டும், காய் வேக வேண்டும், ஒன்றேகால் ஆகும், அதுவரை அவர் பசியோடு இருக்க மாட்டார், மாத்திரை வேறு இருக்கிறது. கொட்டினது தேவையில்லாமல் போயிற்று என்றால், உப்பு சரியாகத்தான் இருந்தது என்றால், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஆகும். நாளைக்கு மதினி வந்து இந்த அடுப்பில் நிற்பாள். பன்னிரண்டு இருபது. கரண்டியை விட்டு ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டேன். விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன், யார் வரப்போகிறார்கள், யாரும் இல்லை. நக்கினேன். சூடு. புளிப்பு. சூட்டில் நாக்கின் நுனி மரத்துவிட்டது. இன்னொரு சொட்டு, இந்தத் தடவை ஊதிவிட்டு. காரம். உப்பு இருக்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் தடவை இல்லாத மாதிரி இருந்தது. கூடுதலா, சரியா, எதோடு வைத்துப் பார்ப்பது. ஒன்பது நாளாகச் சப்பென்று தின்ற நாக்குக்கு ஒரு கல் உப்பும் கூடுதலாகத் தெரியும் என்று ஒரு பக்கம் தோன்றியது, பயத்தில் வாய் காய்ந்தவளுக்கு எதுவும் தெரியாது என்று இன்னொரு பக்கம். இந்த வேலைக்கு யாரும் கூப்பிடாத நாக்கு, இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டால் அது என்ன சாட்சி சொல்லும். வாயைக் கொப்புளித்துத் துப்பிவிட்டு மறுபடியும் பார்த்தேன், எச்சில்தான் ருசித்தது. ஒரு டம்ளர் வெந்நீரை எடுத்துக் குழம்பில் ஊற்றினேன். ஊற்றும்போதே தெரியும், சப்பென்று ஆகும், உப்பு எங்கேயும் போகாது. ஒரு கரண்டிதான் விடுவேன், கேட்டாலும் ஒன்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டை எடுத்தேன்.

பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தார். சோறு வைத்தேன், காலிஃப்ளவரை வைத்தேன், ஒரு கரண்டி குழம்பு விட்டேன், காயாகப் பார்த்துத் தண்ணீரை வடித்து விட்டேன். முதல் கவளத்தை அவர் எப்போதும் முறைத்துக்கொண்டே வாயில் வைப்பார், இந்த ஒன்பது நாளாக. வைத்தார். மென்றார். நான் கரண்டியோடு நின்றேன். இரண்டாவது கவளம் வேகமாகப் போயிற்று. மூன்றாவதைப் பிசையும்போது தட்டின் ஓரத்தில் வழிந்ததை விரலால் வழித்து நக்கினார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், டிவியை இல்லை, என்னை.

"இன்னைக்குத்தான் ஒன் கைப்பக்குவம் திரும்பி வந்திருக்கு உலகு. பழைய குழம்பு. இதத்தான நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

முப்பது வருஷத்தில் முதல் தடவை. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, இந்த வார்த்தைக்கு உடம்பு அப்படிக் காத்துக்கிடந்திருக்கிறது. பிறகுதான் விளங்கியது. போயிருக்கிறது, கை போயிருக்கிறது. வெந்நீரும் ஊற்றின பிறகு இவருக்கு இது சரியாக இருக்கிறது.

"இன்னும் ஒரு கரண்டி விடு" என்று தட்டை முன்னால் தள்ளினார். நான் குனிந்து தட்டை எடுத்துவிட்டேன். அவர் கையில் ஒரு கவளம் இருந்தது, அதையும் விரலைப் பிரித்துத் தட்டில் வாங்கிக்கொண்டேன். சாப்பிடுகிற ஆம்பிளை முன்னாலிருந்து தட்டை எடுத்தவள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிட்டா?"

"உப்பு கூடிப்போச்சுங்க."

"எவ சொன்னா? எனக்குச் சரியாத்தான இருக்கு."

"அதனாலதான் எடுக்கேன்."

அவர் அக்காளைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார், இந்த வீட்டில் பட்டினி போட்டுக் கொல்கிறாள் என்று ஊரைக் கூட்டப் போவதாகச் சொன்னார். கூப்பிடுங்க என்றேன். தட்டை அடுப்படியில் வைத்துவிட்டு, சோறும் உப்பில்லாத மோரும் வேறு தட்டில் பிசைந்து கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. குழம்பு காய்ந்து விரலிடுக்கில் வெடித்துக்கொண்டிருந்த கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவர் அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோய்விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.